கோல் என்றால் உருட்டு

திருச்சபையில் அவரை யாரும் அச்சுக்காரர் என்று கூப்பிடுவதில்லை. 'எபிரேய அண்ணன்' என்றுதான் பெயர். சபையின் வாராந்தரத் தாளை அச்சடிப்பது அவர் தொழில். அதன் கடைசி அரைப் பக்கத்தை எழுதுவது அவர் ஆசை. வாரம் ஒரு எபிரேயச் சொல்லைப் பிடித்து, தடித்த அகராதியைப் புரட்டி, வேர் இது, பொருள் இது என்று விளக்குவார். முக்கால்வாசி வாரம் முடிவு ஒன்றுதான்: கடவுளை நம்பு, கவலையை விடு.

எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். பாதி வழியில் திரும்பி வந்து, கடைப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்.

அந்தச் சனிக்கிழமை காலை கடையில், அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க எடுத்த புரூஃபை மனைவியிடம் நீட்டினார். "இந்த வாரச் சொல், கோல்."

"கோலா? யாரை அடிக்க?"

"அட, இது எபிரேயக் கோல்! உன் வழியை ஆண்டவருக்கு ஒப்புவின்னு பைபிள்ல படிக்கிறோம்ல, எபிரேய மூலத்துல அந்த இடத்துல இருக்கிற சொல். கோல்னா உருட்டு. உன் வழியை அவர் மேல உருட்டி விட்டுடு. தூக்க முடியாததைத்தானே உருட்டுவோம்?"

மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது. "உருட்டா? நீங்களா எழுதினீங்க?"

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. எட்டு மாதம் முன்பு குடும்பமே கூடிச் சாப்பிட்ட ஒரு நாளில், அவர் தன் அரைப் பக்கத்தை உரக்கப் படித்தார். மனைவியின் தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அத்தான், சும்மா கதை விட்டு உருட்டாதீங்க" என்றான். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

அப்போது ஃபோன் அடித்தது. பேசப் பேச அவர் முகம் தொங்கிப்போனது.

"சுமை தூக்குற ஆளுங்க வரலையாம். அடுத்த வாரம்தானாம்."

இதுதான் சிக்கல். கடையின் முன் அறையைக் காலி செய்து, நடையின் கடைசியில் உள்ள பின் அறைக்குப் போக வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கட்டிடச் சொந்தக்காரரிடம் முன் அறைச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். மற்ற சாமான்கள் எல்லாம் பின் அறைக்குப் போய்விட்டன. பேப்பர் வெட்டும் மெஷின் மட்டும் அரை டன் கனத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவர் முதுகைப் பற்றியோ டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இன்னொரு முறை கனம் தூக்கினால் ஆபரேஷன்தான்.

அவர் சட்டைக் கையை மடித்தார். மெஷின் ஓரத்தில் கை வைத்துக் குனிந்தார்.

மனைவி குறுக்கே வந்து நின்று, புரூஃபை உரக்கப் படித்தாள். "'தூக்க முடியாததைத் தூக்கிப் பார்ப்பது பக்தி அல்ல, பிடிவாதம்.' இதை எழுதின மகராசன் யாருங்க?"

"அது வேற. அது ஆன்மிகம்."

"ஆஸ்பத்திரியில வெளியே பெஞ்சுல உட்காரப் போறது நான். என் தம்பி தினமும் ஃபேக்டரி மெஷினைத்தானே நகர்த்துறான்? கூப்பிடுங்க."

"நீ கூப்பிடேன்."

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டது நீங்க. கூப்பிட வேண்டியதும் நீங்கதான்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையில்தான் இந்த மெஷினுக்காக ஜெபம் செய்திருந்தார். செய்த கையோடு ஆட்களுக்கு நாலு முறை ஃபோன் போட்டிருந்தார். பெட்டியைப் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியை விடாமல் கூடவே ஓடுகிறவன் நினைவுக்கு வந்தான். நாம் இத்தனை வருஷமாக அப்படித்தான் ஜெபித்தோமோ? கேட்ட உதவி ஒருவேளை எட்டு மாதமாக நம் ஃபோனிலேயே ஒரு நம்பராகக் கிடக்கிறதோ? 'ஆண்டவரே, இந்த ரோஷத்தையும் சேர்த்தே உருட்டி விடுகிறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"மாப்பிள்ளை... ஒரு உருட்டு வேலை இருக்கு."

அந்தப் பக்கம் இருந்து, "உருட்டுறது நீங்களா, நானா அத்தான்?"

"நீதான்டா. எனக்கு அது வராது."

ஒரு மணி நேரத்தில் மச்சினன் ஒரு கடப்பாரையோடும் ஆறு இரும்புக் குழாய்களோடும் வந்தான். மேஜையில் கிடந்த புரூஃபைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது.

"அத்தான்! நான் சொன்னதையே தலைப்பாப் போட்டுட்டீங்களா?"

"நீ சொன்ன அர்த்தம் வேற. போய் வேலையைப் பாரு."

"அன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசிட்டேன் அத்தான்."

"நானும் கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசாம இருந்துட்டேன்."

அவன் கடப்பாரையால் மெஷினை நெம்பினான். விரல் அளவு தூக்கியதும் மனைவி அடியில் குழாயைச் செருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மெஷின் முனகிக்கொண்டே நகர்ந்தது. பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து முன்னால் போடுவாள், தம்பி தள்ளுவான். அரை டன் இரும்பு தள்ளுவண்டி போல நடையில் போனது.

"மெல்ல! சுவர்ல இடிக்கும்!" எபிரேய அண்ணன் எழுந்து ஓடி வந்து ஒரு கையை மெஷின் மேல் வைத்தார்.

"அத்தான், அந்தக் கை தள்ளுதா, இழுக்குதா?"

பார்த்தால், அது பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. அவர் வெட்கத்தோடு கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார். மெஷின் சுவரில் இடிக்காமல் பின் அறைக்குள் நுழைந்தது.

மனைவி நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு குழாயைத் தூக்கிக் காட்டினாள். "தமிழ்க் கோலை அடியில வெச்சாத்தான் எபிரேயக் கோல் ஓடுது!"

"இதை அடுத்த வாரம் எழுதறேன்!"

"என் பேரைப் போட்டு எழுதுங்க."

நாலரைக்கெல்லாம் சாவி கைமாறியது. புது இடத்தில் மெஷின் முதலில் வெட்டியது அந்த வாரத் தாளைத்தான். மச்சினன் முதல் பிரதியை எடுத்துக் கடைசி அரைப் பக்கத்தை வாய்விட்டு, ஒரு வரி விடாமல் படித்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கடையைப் பூட்டி மூவரும் கிளம்பினார்கள். பாதி வழியில் அவர் நடை தளர்ந்தது. தலை மெல்லப் பின்னால் திரும்பியது.

"கோல்!" என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே குரலில்.

அவர் தலையை முன்னால் திருப்பிக்கொண்டு நடந்தார்.