தெரியாமல் பட்ட அடி

நாற்பத்திரண்டு வயதில் கராத்தே கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அலுவலகத்தில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அன்றைக்கு விடுப்பு. இன்னொருவருக்குக் காது சரியாகக் கேட்காது. கட்டில், மேசை, அலமாரி விற்கிற கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து மாலைவரை தொலைபேசியை எடுத்து, தன் கண்ணால் பார்த்தேயிராத கட்டிலின் உடைந்த காலுக்காக, "எங்க தப்புதாங்க, ரொம்ப வருத்தப்படுறோம்" என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை சொல்வாள்.

"பகலெல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டு சாயங்காலம் போய் யாரை அடிக்கப் போறே?" என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள்.

யாரையும் அடிக்க அவள் போகவில்லை. மகளுக்காகப் போனாள். பத்து வயதில் கராத்தேயில் சேர்ந்த பெண், பதினேழு வயதில் கறுப்புக்கு முந்தின பழுப்பு பெல்ட் வரைக்கும் வந்துவிட்டாள். அவளுடைய அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. வீட்டில் இருப்பது அம்மாவும் பெண்ணும் மட்டும்தான். அந்த இரண்டு பேருக்குள்ளும் பேச்சு தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் "ம்", "சரி", "தெரியும்" என்ற மூன்றே வார்த்தைகளில் பெண் குடித்தனம் நடத்தினாள். அதே பெண் கராத்தே கூடத்தில் வாய்விட்டுச் சிரிப்பதை, அவளைக் கூப்பிடப் போன ஒரு நாள் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். அடுத்த வாரமே வெள்ளைச் சீருடை வாங்கிவிட்டாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

கூடம் ஒரு டயர்க் கடையின் மாடியில் இருந்தது. தரை முழுக்க நீலப் பாய். மாஸ்டர் பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அவளைவிட எட்டு வயது சின்னவர். அக்கா, அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுவார். ஆனால் தண்டால் எண்ணும்போது அந்த அக்காவுக்கு ஒன்றுகூடத் தள்ளுபடி கிடையாது.

முதல் மூன்று மாதம் காற்றைக் குத்தினாள், மெத்தையை உதைத்தாள். நன்றாகவே வந்தது. நாலாம் மாதம் கையுறையும் தலைக்கவசமும் மாட்டி ஒரு ஆளுக்கு எதிரே நிறுத்தினார்கள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மெத்தை திருப்பி அடிப்பதில்லையே! எதிரே இருப்பவர் தோளை அசைத்தாலே இவளுக்கு மூச்சு நின்றுவிடும். கற்றதெல்லாம் மறந்துவிடும். எல்லாவற்றையும்விட மோசம், குத்தும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள்.

"கண்ண மூடாதீங்கக்கா! மூடிட்டு அடிச்சா சுவத்தக்கூட அடிக்க முடியாது" என்று மாஸ்டர் தினமும் கத்துவார்.

அந்தக் கூடத்தில் சண்டைக்கு இரண்டு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவரோடு மோதும்போது, பழகியவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை வேண்டுமென்றே கையை இறக்கி இடம் விட வேண்டும். ஒரு அடியாவது போய்ச் சேர்ந்தால்தான் புதியவருக்குப் பயம் தெளியும். பயப்படாதே என்று காட்ட லேசாக ஒரு புன்னகையும் செய்வார்கள். புதியவர் தொட்டுவிட்டு விலக வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வழக்கம், அந்தச் சண்டையில் பழகியவருக்கு அடிபட்டால் தப்பு அவருடையதே. "புதுசுக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவங்கதான் பாத்துக்கணும்" என்பார் மாஸ்டர். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இடம் விட்டால் தொட்டுவிட்டு விலகுவதை ஒரு மாதத்தில் அவளும் பழகியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் தொட்டாள். ஆனாலும் தொட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, உடை மாற்றும் அறையில் இன்னொரு பெண்ணின் அம்மா பேச்சுவாக்கில் கேட்டாள். "உங்க பொண்ணு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் போறாளாமே? இந்தத் தேர்வுல கறுப்பு பெல்ட் வந்துட்டா இடம் உறுதின்னு சொன்னா. நீங்க தனியா எப்படி இருப்பீங்க?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹாஸ்டலா? எந்த ஹாஸ்டல்? மெல்ல விசாரித்தாள். ஆறு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கிற வேறொரு ஊர். மூன்று வருடப் படிப்பு. மாஸ்டருக்குத் தெரியும், சக பிள்ளைகளுக்குத் தெரியும், இந்த அம்மாளுக்குக்கூடத் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது.

அந்தச் சூட்டோடு பாய்க்கு வந்தாள். மாஸ்டர் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். "அக்கா, இன்னைக்கு உங்க பொண்ணோட நில்லுங்க" என்றார்.

மகள் எதிரே வந்து குனிந்து வணங்கினாள். சுற்று தொடங்கியது. பெண் பூப்போலத்தான் அடித்தாள். தோளில் ஒன்று, வயிற்றில் ஒன்று, எல்லாமே கையுறை உரசிப் போகிற அடி. பிறகு இடது கையை மெல்லக் கீழே இறக்கினாள். புன்னகைத்தாள். வழக்கம்தான், எல்லாரும் செய்வதுதான், அம்மாவுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் அந்தச் சிரிப்பு அவளுக்கு வேறு மாதிரிப் பட்டது. விட்டுவிட்டுப் போகிறவள் போகிற போக்கில் போடுகிற பிச்சையாகப் பட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை. உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் வலது கையில் திரட்டி மகளின் மூக்கில் குத்தினாள்.

பெண் பின்னால் போய் உட்கார்ந்தாள். வெள்ளைச் சீருடையில் ரத்தம் சொட்டியது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

"ஐயோ, தெரியாம பட்டுடுச்சு!" என்று அம்மா அலறினாள்.

கூடமே அவளைத் தேற்றியது. புதுசுதானே, விடுங்க, ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். மாஸ்டர் ஒரு ஐஸ் பையை மகளின் மூக்கில் வைத்து அழுத்திப் பார்த்தார். எலும்பு முறியவில்லை. பிறகு எழுந்து நின்று, "கைய அவ்வளவு இறக்கினா இப்படித்தான் ஆகும். ஒரு புதுசையே சமாளிக்கத் தெரியல, உனக்குக் கறுப்பு பெல்ட்டா? இந்தத் தடவை தேர்வுக்கு உன் பேரு போகாது" என்றார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு, "சரி மாஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பகலெல்லாம் ஊரான் வீட்டுக் கட்டிலுக்காக எங்க தப்புதாங்க, எங்க தப்புதாங்க என்று பாடுகிற அந்த வாயில் அப்போது என்ன கொழுக்கட்டையா இருந்தது? பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றாள்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று நிறுத்தம் போன பிறகு மகள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒரு மாசமா அடிக்கும்போதெல்லாம் கண்ண மூடுவ. இன்னைக்குத் தொறந்திருந்துச்சும்மா."

"அப்படியெல்லாம் இல்லடி."

"சரி" என்றாள் மகள்.

"ஹாஸ்டல் விஷயத்தை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அழுவ. இடம் கெடச்ச பிறகு சொல்லலாம்னு இருந்தேன்." ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "நீ அழுதா என்னால போக முடியாதும்மா" என்றாள்.

தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பக் கடைசி நேரம் வியாழக்கிழமை மாலை ஆறு மணி என்று கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. தெரியாது என்று அவள் சொல்லவே முடியாது. செவ்வாய்க்கிழமை சொல்லிவிடலாம் என்று சீக்கிரமே போனாள். மாஸ்டர் தனியாகத்தான் இருந்தார். "என்னக்கா சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றார். "சும்மாதான்" என்றாள். புதன்கிழமை, வேண்டுமென்றால் பெண்ணே மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று தனக்குத் தானே நியாயம் பேசினாள். வியாழக்கிழமை அலுவலகத்தில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து, ஐந்தரை, ஐந்தே முக்கால். மாஸ்டரின் எண் கைபேசியில் இருந்தது. ஆறு அடித்தபோது, மேசையின் இழுப்பறை மாட்டிக்கொண்டது என்று புகார் சொன்ன யாரோ ஒருவரிடம், "எங்க தப்புதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு தாண்டியதும் அவளுக்குள் ஏதோ ஒன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டது. இனிப் பெண் எங்கும் போக மாட்டாள். அந்தப் பெருமூச்சைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மாஸ்டர் வேலை செய்யும் கட்டடத்தைத் தேடிப் போனாள். லிஃப்ட் கதவு திறந்து கிடக்க, முன்னால் மஞ்சள் தடுப்பு வைத்திருந்தது. உள்ளே பள்ளத்திலிருந்து மாஸ்டர் கிரீஸ் கையோடு ஏறி வந்தார்.

"மாஸ்டர், அது தெரியாம பட்ட அடி இல்ல. வேணும்னே அடிச்சேன். அவ மேல தப்பே இல்ல."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். பிறகு யாருக்கோ போன் செய்து பேசினார், கெஞ்சிக்கூடப் பார்த்தார். போனை வைத்துவிட்டு, "நேத்து ஆறு மணி வரைக்கும் என் கையிலதான்க்கா இருந்துச்சு" என்றார். "இனிமே அடுத்த வருஷம்தான். ஹாஸ்டல்ல அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க." அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய வந்தவளை என்னவென்று திட்டுவது?

வீட்டுக்குப் போனதும் மகளிடம் சொன்னாள். "மாஸ்டர்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன்டா."

மகளின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "எப்போ?"

"இன்னைக்கு."

பெண் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். "ம்" என்றாள். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அம்மாவின் தட்டையும் சேர்த்தே கழுவினாள்.

தேர்வு நடந்தது. ஹாஸ்டலும் திறந்துவிட்டது. மகள் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். மாலையில் நேரத்துக்கு வீடு திரும்புகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அம்மா எதற்கு ஆசைப்பட்டாளோ அது அப்படியே கிடைத்துவிட்டது. சில நாள் அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் விழுங்குவது அவளுக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

கூடத்துக்கு இருவருமே போகிறார்கள். நிறுத்திவிடலாம் என்று அம்மா சொன்னபோது, "எதுக்கு? வா" என்று மகள்தான் அழைத்துக்கொண்டு போனாள். இரண்டு மாதம் மாஸ்டர் அவர்களை ஜோடி சேர்க்கவே இல்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள் ஆள் குறைவு. வேறு வழியில்லாமல் எதிரெதிரே நிறுத்தினார்.

மகள் குனிந்து வணங்கினாள். தோளில் ஒன்று, வயிற்றில் ஒன்று, எப்போதும் போலப் பதமான அடி. பிறகு வழக்கப்படி இடது கையைக் கீழே இறக்கினாள். புன்னகையும் செய்தாள்.

அம்மாவுக்குக் கை எழவில்லை. தலைக்கவசத்துக்குள் கண்ணீர் வழிந்தது. கையுறை போட்ட கையால் துடைக்கவும் முடியவில்லை.

"அடிம்மா" என்றாள் மகள், சின்னக் குரலில். "பயப்படாத. இனிமே நான் எங்கயும் போகப் போறதில்ல."