ஒச்சம்மா வகையறா

இடுப்பில் கைப்பிள்ளை கருப்பாயியைத் தூக்கிக்கொண்டு ஒச்சம்மா மலையேறிக்கொண்டிருக்கிறாள், போடியிலிருந்து மேலே, பாதை என்று ஒன்று இல்லாத காலத்தில், முன்னால் புருஷன் அரிவாளால் புதரை வெட்டி வழிவிட, பின்னால் இவள், கண்ணை மூடினால் சுந்தரவடிவுக்கு இதுதான் வருகிறது, கனவாகத்தான் இருக்க வேண்டும், ஒச்சம்மா அவளுடைய தாத்தாவைப் பெற்றவள், செத்து எண்பது வருஷம். காட்டை அழித்து ஏலச்செடி போட்ட முதல் ஆட்களில் ஒருத்தி, அந்தப் புருஷன் மலைக்காய்ச்சலில் போனான், தாலி அறுத்தவள் மறுபடி கட்டுவது அவர்களில் வழக்கம்தான், ஒரு மேஸ்திரியைக் கட்டினாள், அவனுக்குப் பிள்ளையில்லை, அவனும் போனபிறகு இன்னொருத்தரைக் கட்டி ஒரு மகனைப் பெற்றாள், அந்த மகன்தான் தாத்தா, மேஸ்திரியின் பன்னிரண்டு ஏக்கரும் தாத்தாவிடம் இருந்தது, பிறகு அப்பாவிடம், எப்படி வந்தது என்று யாராவது கேட்டால்தானே.

சுந்தரவடிவு கேட்கவே தேவையில்லாதவள், முப்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவள், அப்பாவின் பாகப்பிரிவினையை எழுத உட்கார்ந்தபோது தகரப்பெட்டிக்குள் மேஸ்திரியின் உயில் கிடைத்தது, என் மனைவி ஒச்சம்மாள் முதல் புருஷனுக்குப் பெற்று நான் என் மகளாய் வளர்த்த கருப்பாயிக்கே தோட்டம் பூராவும், மூன்று தடவை படித்தாள், அப்புறம் என்ன செய்தாள், அட சண்டாளி, அதை டிராயரில் போட்டு மூடிவிட்டு, பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்டது என்று ஒரே வரியில் முடித்தாள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர்கள் முப்பது வருஷத்துக்கு அப்பால் போகமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அந்த மாசமே முத்துப்பேச்சி வந்தாள், கருப்பாயியின் மகள் வயிற்றுப் பேத்தி, அதே தோட்டத்தில் கூலிக்கு ஏலக்காய் பறிக்கிறவள், நிலம் கேட்டு வரவில்லை, அதுதான் கொடுமை, எம்மக செல்லமயில பொண்ணு கேட்டு வந்திருக்காகக்கா, என்ன வகையறான்னு கேக்குறாக, ஒச்சம்மா வகையறான்னு எங்காத்தா சொல்லும், தாளுல எங்கயாச்சும் இருந்தா காட்டிப்புடலாம், கொஞ்சம் பாருங்கக்கா. மலைக்குப் போன குடும்பங்களில் பொம்பளை பேரிலும் வகையறா உண்டு, அது தெரியாத வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள், அக்கா என்று அவள் கூப்பிட்டது மரியாதைக்கு, உயிலின்படி அதுதான் முறையும், சுந்தரவடிவின் முழங்கால் டிராயரில் இடித்துக்கொண்டிருக்கிறது, அப்படி ஒண்ணும் இல்லையே பேச்சி என்கிறாள்.

முப்பது வருஷம் கழித்து இப்போது அண்ணன் மகன் வைரவன் வம்ச வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று வந்து நிற்கிறான், அத்தை, ஒச்சம்மாவுக்கு எத்தன பிள்ளைங்க, ஒன்று என்று நாக்கு நுனிவரை வந்தது, ரெண்டுடா என்றாள், உயிலை எடுத்து நீட்டினாள், எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ என்று வாயைப் பிளந்தவன், முழுக்கப் படித்ததும் குரலைத் தாழ்த்தினான், பேர மட்டும் போட்டுருவோம் அத்தை, தோட்டத்தப் பத்திப் பேச வேணாம். யாரைப் போலப் பேசுகிறான், தன்னைப் போலவேதான், சீ என்று இருந்தது, உயிலை அவன் கையிலிருந்து வாங்கி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் மலையேறினாள்.

முத்துப்பேச்சிக்குக் கண் மங்கிவிட்டது, நீங்களே படிங்கக்கா என்றாள், கருப்பாயி என்ற இடம் வந்ததும் இன்னொருக்கா படிங்க என்றாள், படித்தாள், தோட்டம் பூராவும் என்றது அவள் காதில் ஏறவேயில்லை, இம்புட்டு வருசமா மறக்காமத் தேடியிருக்கீகளே, இந்த மனசு யாருக்கு வரும் என்று சுந்தரவடிவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அடியே மயிலு, அக்காவுக்குக் காப்பி கொண்டாடி. செல்லமயில் வந்தாள், ஐம்பது வயது, பாதி நரைத்த தலை, தாலியே ஏறாத வெறுங்கழுத்து. சும்மா இருந்துவிடலாம், காப்பியைக் குடித்துவிட்டு நல்ல பேரோடு கீழே இறங்கிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது, நான் தேடல பேச்சி என்றாள், நீ வந்து கேட்டன்னைக்கே இது என் டிராயர்லதான் இருந்துச்சு.

முத்துப்பேச்சி பிடித்த கையை விடாமல், விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லமயிலுக்கு விளங்கிவிட்டது, நீட்டிய டம்ளர் அப்படியே நின்றது, அப்ப எனக்கு இருவது வயசு என்றாள்.