பேய்க்குப் பேர் இல்லை

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் மனைவி தேவகிருபையின் தலைமேல் கை வைத்துச் சொல்கிறேன். கை வைத்தபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு. கைய எடுங்க, எண்ண வெச்சிருக்கேன்" என்றாள். எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் சத்தியம் பண்ணி முடித்தாகிவிட்டது. எண்ணெய்க் கறை இந்தத் தாளின் இடது ஓரத்தில் இருக்கிறது. அச்சில் தெரியாமல் போனால் அது அச்சகத்தார் செய்த குற்றம்.

கதை பிறந்த இடத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் மூளையில் பிறந்ததல்ல, 'பேர்' என்ற ஒரு சொல்லில் பிறந்தது. உங்கள் ஊரில் பேர் என்றால் பெயர். இல்லாவிட்டால் பத்துப் பேர், இருபது பேர் என்று ஆட்களை எண்ணுவது. ஆம்பூரில் மூன்றாவதாக ஒன்று உண்டு. ஷூ கம்பெனியில் ஒரு ஜோடிக்குப் 'பேர்' என்று பேர். "இன்னிக்கு எத்தினி பேர் ஓடுச்சு?" என்று சூப்பர்வைசர் கேட்டால், வேலையை விட்டு ஓடிப்போனவர்களை விசாரிக்கிறார் என்று நினைக்காதீர்கள். தைத்து முடித்த ஜோடிகளைக் கேட்கிறார். நூறு பேர் உட்கார்ந்து ஆயிரம் பேர் தைக்கிற ஊர் இது.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பேய்க்கதை எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் யோசித்தேன்.

"அன்று ஆம்பூரில் அடைமழை." வேண்டாம். வறண்ட பாலாறே சிரிக்கும்.

"ஒரு ஊரில் ஒரு பேய் இருந்தது. அதற்கு ஒரு" இதைப் பாதியில் விட்டேன். பேய் இருந்ததா இல்லையா என்று எங்கள் சபை மூப்பர் கேட்பார். பதில் சொல்ல வேண்டியவன் நான்.

"தேவகிருபை கூப்பிட்டு எழுந்து நிற்காத ஆள் வேலூர் வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை." இது பரவாயில்லை. உண்மையும்கூட. இங்கிருந்தே போகலாம்.

3

தேவகிருபை வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் பேர் கூப்பிட்டவள். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புகிற வேலை. ஒரு நாளைக்கு நானூறு பேர். எந்த மாநிலத்துப் பெயராக இருந்தாலும் இரண்டு முறை கூப்பிடுவாள், அப்புறம் "உள்ள வாங்க". அந்தக் குரலில் அதட்டல் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. ஆனால் கேட்டதும் கால் தானாக எழுந்துவிடும்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தாள். முதல் நாள் காலையில் சமையலறையிலிருந்து, "கிறிஸ்துராஜ்... கிறிஸ்துராஜ்... உள்ள வாங்க" என்றாள். காபிக்குத்தான். நான் பதறி எழுந்து ஃபைலைத் தேடினேன்.*

நாள் போகப் போக அவளுக்கு வீடு ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டையில் நானூறு பேர் அடைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது அவளுக்கு. "முப்பத்தோரு வருஷம் ஊரையே கூப்ட்டேன். இப்ப ஒரே ஆளு, நீங்க. கூப்ட்டா வர்றதும் இல்ல" என்றாள்.

அப்போதுதான் ரெனால்ட் வந்தான். ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைந்துகொண்டிருந்த பையன். பையன் என்றால் முப்பத்தாறு வயது. வேலையை விட்டுவிட்டு, சோல் விற்கிற கடைக்கு மாடியில் ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோ வைத்திருந்தான். குழந்தைகள் சேனல் ஒன்றுக்கு 'பத்து நிமிஷப் பேய்' என்று ஒரு தொடர். சனிக்கிழமைதோறும் புதுக் கதை, புதுப் பேய். லிஃப்ட் பேய், ட்யூஷன் பேய், டிபன் பாக்ஸைத் திறந்தால் வருகிற பேய். ரெனால்ட் வரைந்த எல்லாப் பேய்களுக்கும் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் தையலுக்கு விட்டிருக்கும். பழக்கம்.

"ஆன்ட்டி, எல்லாப் பேய்க்கும் நீங்கதான் குரல் குடுக்கணும்" என்றான்.

"நான் ஞானஸ்நானம் வாங்குனவ, ரெனால்ட்."

"பேய் வாங்கல ஆன்ட்டி. அதுக்குத்தான் உங்க ஒதவி."

போனாள். சுவரெல்லாம் வெட்டிக் கழித்த தோல் துண்டுகளை ஒட்டி, சத்தம் புகாத அறை ஒன்று கட்டியிருந்தார்கள். சத்தம் புகவில்லை, வாசனை வெளியே போகவில்லை. ரயில் வந்தால் மட்டும் பேய் நடுவாக்கியத்தில் நிறுத்திக் காத்திருக்கும். தேவகிருபை மைக் முன்னால் நின்று முதல் பேயைப் பேசியபோது, ஒலிப்பதிவு பார்க்கிற நவீத் ஹெட்போனோடு எழுந்து நின்றான். அவளுக்குத் தொண்டை திறந்தது.

பன்னிரண்டு வாரம். ராணிப்பேட்டையில் ஒரு பெரியவர் பேய் பேசியதும் எக்ஸ்ரே கவரை எடுத்துக்கொண்டு டிவிக்குள் போகப் பார்த்தார். கலவை என்கிற ஊரில் ஒரு டீக்கடையில் பதினோரு பேர் எழுந்து நின்றார்கள் (ஆட்கள்தான், ஜோடி அல்ல). நான் போய் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் பத்து என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால்தான் பதினொன்று.

* தேவகிருபை இதைப் படித்துவிட்டு, "ஃபைல் தேடல. செருப்பத் தேடுனீங்க, ஓடிப் போறதுக்கு" என்கிறாள். இரண்டு கருத்துகளையும் வாசகர் முன் வைக்கிறேன்.

4

பதிமூன்றாவது கதைதான் சிக்கல்.

ஷூ கம்பெனிக்குள் ஒரு பேய். ரெனால்ட் எழுதிய வசனத்தில் 'பேய்' என்று மட்டும் இருந்தது. வரைவதற்கு மாதிரியாக நான் ஒரு ஷூ கொடுத்தேன். கம்பெனியில் நான் சாம்பிள் ரூமில் இருந்தவன். வெளிநாட்டுக்காரர்களுக்கு மாதிரி காட்ட ஒரு கால் போதும், வலது கால் மட்டும். முப்பது வருஷம் வலது கால் மட்டுமே செய்தேன். (இது கதைக்குத் தேவையா என்று கேட்காதீர்கள். தேவை.) ஆக, படத்திலும் பேய் ஒற்றை ஷூவோடு நின்றது. யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை சேனலிலிருந்து அம்பிகா போன் செய்தாள்.

அம்பிகாவை உங்களுக்கு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. முதல் பிரதியில் அவளை வில்லியாக்கி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஒரு வாக்கியம் முழுக்க உறுமவும் விட்டேன். அப்புறம் பார்த்தால் அவள் கையில் தயிர்சாத டப்பா இருக்கிறது. தயிர்சாதத்தோடு வருகிறவளை வில்லியாக்க என்னால் முடியாது. அடித்துவிட்டேன். அம்பிகா நல்லவள். ஆனால் அவள் கையில் ஒரு படிவம் இருந்தது.

"ரெனால்ட், கதை நல்லாருக்கு. ஒரே கொறதான். பேய்க்குப் பேர் இல்ல. வியாழக்கிழமை நானே வர்றேன். கொழந்தைங்கள உக்கார வெச்சுப் போட்டுக் காட்டுவோம். பேர் குடுத்துருக்கணும். பசங்க பயப்படணும், ஆனா ஒருத்தரும் அழக் கூடாது. இதுல ஒண்ணு தப்புனாலும் தொடரை இதோட நிறுத்தச் சொல்லிட்டாங்க."

போனை வைத்த ரெனால்ட் படத்தைப் பார்த்தான். தலையில் கை வைத்தான்.

"டேய் நவீத்! மேடம் கண்ணப் பாத்தியா? சென்னையில உக்காந்துகினு கண்டுபுடிச்சிட்டாங்க. பேய்க்குப் பேர் இல்ல!"

நவீத் பார்த்தான். "யா அல்லா. ஒத்தக் கால்லதான் நிக்குது."

தேவகிருபைக்கு மட்டும் உறுத்தியது. "அவங்க கேட்டது பேரா இருக்கும், ரெனால்ட்."

"அதான் ஆன்ட்டி, பேர்தான் கேட்டாங்க."

"அந்தப் பேர் இல்ல. பேரு."

"நானும் பேருதான் சொல்றேன்."

"கூப்புடுற பேருப்பா!"

"கூப்ட்டா ஷூ வருமா ஆன்ட்டி? தேடித்தான் எடுக்கணும்."

பேஜாராகிப் போய்விட்டது அவளுக்கு. வீட்டுக்கு வந்து, என்னிடம் கோபமே இல்லாமல் சொன்னாள்: "பேரு இல்லாதவங்கள கூப்ட முடியாது. கூப்டாதவங்க வெளியிலயே உக்காந்திருப்பாங்க. நான் பாத்திருக்கேன்."

அவள் பயந்தது பேய்க்காக மட்டுமல்ல. தொடர் நின்றுபோனால் வெள்ளிக்கிழமையிலிருந்து அவளும் கூப்பிட ஆளில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

5

மூன்று நாளில் கதையே மாறியது. பேய் வலது காலில் ஷூவோடு கம்பெனி முழுக்க நடக்கிறது. டொக். ஒன்றுமில்லை. டொக். ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யைப் பதிவு செய்ய நவீத் அரைநாள் எடுத்துக்கொண்டான். ஏழு விதமாக ஒன்றுமில்லாமல் இருந்தது, நான்காவதைத் தேர்ந்தெடுத்தான். கடைசிக் காட்சியில் பேய் நேராகத் திரையைப் பார்த்து, தேவகிருபையின் குரலில் கூப்பிடும்: "இடது கால்... இடது கால்... உள்ள வாங்க."

வியாழக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டதும் தெருப்பிள்ளைகள் இருபத்து நாலு பேர் மாடிக்கு வந்தார்கள். வாசலில் செருப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அம்பிகா படிவத்தோடு ஓரமாக உட்கார்ந்தாள். தேவகிருபை கதவருகில். நான் கடைசியில்.

டொக். ஒன்றுமில்லை. டொக்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பையன் பக்கத்துப் பையனின் காதைப் பிடித்துக்கொண்டான், விடவே இல்லை. அம்பிகா 'பயம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

பேய் கூப்பிட்டது.

அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகளும் எழுந்து வெளியே ஓடினார்கள். "ஐயோ, ஜாஸ்தியா பயந்துட்டாங்க!" என்று அம்பிகா பேனாவை உதறினாள். தேவகிருபை கதவருகிலிருந்து எழுந்தாள். பின்னாலேயே படியை எட்டிப் பார்த்தாள். அதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு இடது கால். ரப்பர் செருப்பு, பள்ளிக்கூட ஷூ, விளக்கு எரிகிற ஷூ. எல்லாவற்றையும் திரைக்கு முன்னால் குவித்தார்கள்.

"இந்தா, என்னுது போட்டுக்கோ!"

"டேய், அது சின்னக் காலு, பேய்க்குப் பத்தாது!"

"எங்க அப்பாவுது எடுத்தாரட்டா?"

குவியலில் இருபத்து மூன்று இருந்தது. இருபத்து நாலாவது ஆள் ஏழு வயது ஃபீபி. பக்கத்து வீடு. வெறுங்காலோடு ஓடி வந்திருந்தாள். கொடுக்க ஒன்றுமில்லாமல் நடுவில் நின்று, கீழுதட்டைப் பிதுக்கி, பிறகு வாயைத் திறந்து ஓவென்று அழுதாள்.

அம்பிகாவின் பேனா 'அழுகை' என்ற கட்டத்துக்கு மேல் வந்து நின்றது. ஏன் அழுதது என்று எழுத அதில் இடமில்லை. "பேரும் குடுக்கல, ரெனால்ட்" என்றாள், வருத்தமாகத்தான்.

"மேடம்! இருவத்தி மூணு பேர் இருக்கு!" என்றான் ரெனால்ட், குவியலைக் காட்டி.

"பேருன்னா நேம்ப்பா!"

ரெனால்டின் முகத்தை வர்ணிக்க வேண்டிய இடம் இது. முடியவில்லை. நீங்கள் உங்கள் முகத்தைச் செய்து பாருங்கள்.

தேவகிருபை ஃபீபியின் முன்னால் உட்கார்ந்தாள். "ஏம்மா அழுவுற? பயமா?"

"இல்ல. எல்லாரும் குடுத்தாங்க. என்கிட்ட இல்ல."

"செருப்பு இல்லன்னா போவுது. அதுக்குப் பேரும் இல்ல பாரு. நீ பேரு குடு."

ஃபீபி மூக்கை உறிஞ்சினாள். திரையைப் பார்த்தாள். ஒற்றை ஷூவோடு ஒண்டியாக நின்றுகொண்டிருந்தது பேய்.

"ஒண்டிராஜ்" என்றாள்.

மாடியே சிரித்தது. தேவகிருபை சிரிக்கவில்லை. எழுந்து, புடவையை நீவி, முப்பத்தொரு வருஷமாக நின்றதுபோல் நின்றாள்.

"ஒண்டிராஜ்... ஒண்டிராஜ்... உள்ள வாங்க."

எழுந்து நின்றது நான்.*

 * பெயரின் பின்பாதியான 'ராஜ்' என்னுடையது, அதனால்தான். வேறு காரணம் இல்லை.

6

அம்பிகா என்ன செய்தாள்?

ஒரு பிரதியில் அவள் அழுகைக் கட்டத்தைத் தாண்டிப் போய், 'பேர்' என்ற இடத்தில் ஒண்டிராஜ் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். தொடர் இரண்டாவது வருஷமும் ஓடுகிறது. இன்னொன்றில் நேர்மையாக அழுகைக்கும் டிக் அடிக்கிறாள், ஆனால் தொடரை நிறுத்தச் சொல்லவில்லை. அடித்த கையோடு தன் இடது செருப்பைக் குவியலில் வைத்துவிட்டு, ஒற்றைக் காலோடு சென்னை ரயிலைப் பிடிக்கிறாள். மூன்றாவது பிரதியில் தேவகிருபை, "அம்பிகா... அம்பிகா..." என்று ஆரம்பித்ததுமே அவள் எழுந்து நின்றுவிடுகிறாள், படிவம் கீழே விழுகிறது, விளக்கு எரிகிற ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை அதன்மேல்

இதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் முன் உங்கள் வீட்டு வாசலில் இடது செருப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால் ஒண்டிராஜ் இன்னும் உங்கள் தெருவுக்கு வரவில்லை. வந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு முறை.

தேவகிருபையிடம் கேட்டேன், உனக்கு எந்த முடிவு பிடித்திருக்கிறது என்று. "மூணுலயும் நான் வேலைக்குப் போறேன் இல்ல? அது போதும்" என்றாள். வெங்காயம் வதங்குகிற வாசனை வருகிறது. சாப்பிடக் கூப்பிடுவாள்.

ஒரு தகவலை மட்டும் சேர்த்துவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.