சிரிப்பு நடிகரின் நேரலை

ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இலங்கைத் தமிழ்ப் பெண்ணான லவினியாவோடு வேலை செய்த வூலான் இந்தோனேசியப் பெண். அவளுடைய அப்பா ஜகார்த்தாவில் தொலைக்காட்சித் தொடர்களில் சிரிப்பு நடிகராக இருந்தவர். கால் இடறி விழும் காட்சிகளில் பெயர் எடுத்தவர். சனங்கள் கைபேசியில் காணொளி பார்க்கப் பழகியதும் தொடர்கள் குறைந்தன. அவரை யாரும் கூப்பிடவில்லை. அதனால் வீட்டு அறையிலிருந்தே இணையத்தில் நேரலை செய்யத் தொடங்கினார். சிலரே பார்த்தார்கள். மதிய இடைவேளையில் வூலானும் லவினியாவும் பார்ப்பார்கள். மொழி புரியாவிட்டாலும் லவினியாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒருநாள் அவர் பேசிக்கொண்டிருந்தபோதே நாற்காலியோடு சரிந்தார். இருவரும் சிரித்தார்கள். திரையிலும் பார்த்தவர்கள் அனுப்பிய சிரிக்கும் முகக்குறிகள் குவிந்தன. அவர் எழும்பவில்லை. வூலான் பதறிப்போய் பக்கத்து வீட்டாருக்கு அழைத்தாள். அவர்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது உயிர் இருக்கவில்லை. அடுத்த நாளே அடக்கம் செய்துவிட்டார்கள். வூலானால் போய்ச் சேர முடியவில்லை.

அந்தக் காட்சியை மட்டும் யாரோ வெட்டிப் பரப்பினார்கள். அவருடைய நேரலைக்கு ஒருநாளும் வராத கூட்டம் அதற்கு வந்தது.

அடுத்த கிழமை லவினியா சமைத்துக்கொண்டிருந்தபோது கணவர் ஜோன்சன் கைபேசியை நீட்டினார்.

“இஞ்ச பாரும், இந்த மனிசன் விழுறதை.”

லவினியா அடுப்பை அணைத்தாள்.

“அது நடிப்பில்லை, ஜோன்சன். அவர் வூலான்ரை அப்பா. அப்பிடியே செத்துப்போனார்.”

ஜோன்சன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு போவதற்குச் சற்று நேரம் எடுத்தது.