மகாதேவனின் படத்துக்கு ஒரு மாலை

1

இந்தக் கதை எனக்கு, நாங்கள் புலம்பெயர்ந்து இருக்கிற செவன் ஹில்ஸில, ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில, சாப்பாட்டு வரிசையில கிடைச்சது. எனக்கு முன்னால நிண்ட இராசமலர் அன்ரி திரும்பிச் சொன்னா: "படம் கிடைச்சிட்டுதாம் தம்பி. ஆள் எங்க?"

சோத்தை விட்டிட்டுக் கதையைக் கேட்டன்.

[முதல் தொடக்கம்: மெல்பேர்னின் குளிர்ந்த அறையொன்றில், மங்கிய ஒளியில், ஒரு பென்சில் சித்திரம் தன் காலத்தை... சீ! அடிச்சிட்டன்.]

2

படத்தில இருக்கிறது மகாதேவன், அன்ரியின்ர மனுசன். யாழ்ப்பாணத்தில சம்பளத்தையெல்லாம் சித்திரம் வாங்கியே கரைச்சவர். அவரின்ர முகத்தைச் சிநேகிதர் ஒருத்தர் பென்சிலால கீறிக் குடுத்தார். தொண்ணூற்றைஞ்சில ஊரே இடம்பெயர்ந்து போகேக்க, மகாதேவன் பாதி வழியில நிண்டார். "படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வாறன். நீ பிள்ளையோட நட. போட்டு வாறன்."

வரேல்லை. வீட்டைத் துடைச்சு அள்ளிக்கொண்டு போட்டினம். கல்யாண அல்பமும் அதோட போச்சு. அந்த மனுசனுக்கு முகம் எண்டு உலகத்தில மிஞ்சினது அந்தத் தாள் ஒண்டுதான்.

(அள்ளினது ஆர்? மூண்டு விதமா எழுதிப் பாத்தன். எதை எழுதினாலும் உங்களில கொஞ்சப்பேர் என்னோட கதைக்கமாட்டியள். வெறுமையா விடுறன், திட்டுங்கோ.)

3

கதைக்கு ஒரு வில்லன் தேடி அலைஞ்சன். படம் வந்து சேர்ந்த மெல்பேர்ன் ஓவியக் கலரிக்காரரும் நல்ல சனமாப் போச்சினம். பின்பக்கத்தில பேரும் விலாசமும் கண்டு, கொள்ளை போனது எண்டு ஒத்துக்கொண்டு, விசாரிச்சு அன்ரியைப் பிடிச்சினம். அவையின்ர விதிப்படி படம் உரிமையாளர் வந்தால் அவருக்கு, செத்திட்டார் எண்டு மனுசி உறுதி சொன்னால் வாரிசுகளுக்கு. காத்துக்கொண்டிருக்கிறவளுக்கு எண்டு ஒண்டும் இல்லை.

"இட்ஸ் ஜஸ்ட் அ ஃபோர்மாலிட்டி, அம்மா," எண்டாள் மகள் லக்சிகா. அவளுக்கு அப்பா எப்பிடி இருப்பார் எண்டே தெரியாது. பாவம், அவளுக்கு அந்த முகம் வேணும்.

"உனக்கு ஃபோர்மாலிட்டி. நான் ஓம் எண்டால் இந்தப் பொட்டை அழிக்கோணும். அந்தாளை நானே கொல்லுறதோ?"

[இந்த இடத்தில அன்ரி அழுதா எண்டு எழுதினன். அவ அழேல்லை. வெட்டிட்டன்.]

4

ஒரு முடிவு: அன்ரி மாட்டன் எண்டுறா. படம் மெல்பேர்னில ஒரு பெட்டிக்குள்ள கிடக்கும்.

இன்னொண்டு: கதவு தட்டுப்படுது. வாசலில மகாதேவன், நரைச்ச தாடியோட... ஐயோ வேண்டாம். இதை எழுதின கையை முறிக்கோணும்.

நடந்தது இதுதான். மகளுக்காக அன்ரி ஓம் எண்டா. படம் செவன் ஹில்ஸுக்கு வந்தது. சனம் செத்தவீட்டுக்கு வாறமாதிரி வந்து குசுகுசுத்தது. நானும் போனன், பூமாலையோட. செத்தவரின்ர படத்துக்கு மாலை போடாமல் விடுவமோ?

அன்ரி கதிரையில இருந்தா. நெத்தியில பொட்டு அப்பிடியே இருந்தது. மாலையைக் கண்டதும் எழும்பினா.

"தம்பி, என்ர கதையை எழுதுறீராம். அதில அவர் செத்திட்டாரோ?"

நான் மாலையின்ர நூலை நீவிக்கொண்டு நிண்டன்.

"நான் வாயால சொல்லிப்போட்டன். அதுக்கு மேல என்னால ஏலாது. நீரே போடும்."

வழி விட்டு நிண்டா. லக்சிகா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கேல்லை.

மாலை இன்னும் என்ர கையில. எனக்கும் ஏலாது. நீங்கள் அந்த மனுசியின்ர நெத்தியைப் பாக்காமல் போடுவியள் எண்டால், இந்தாங்கோ, பிடியுங்கோ.