பின் சீட்டில் பிரேக் இல்லை

டீச்சரின் வலது கால் டீச்சரின் பேச்சைக் கேட்பதில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்குத் தொழில் கொடுத்த வியாதி அது. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், டீச்சர் பக்கத்து சீட்டில் இருப்பார், அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். இருபத்தாறு வருஷம் அதை மிதித்து மிதித்து, இப்போது எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கால் சும்மா கிடப்பதில்லை. பஸ்ஸில் போனால் முன் சீட்டுக்காரரின் பையை மிதிக்கும். டிவியில் கார் துரத்தல் வந்தால் டீப்பாயை மிதிக்கும். அவர் வீட்டு டீப்பாய் இப்போது மூன்று காலில்தான் நிற்கிறது.

அப்படிப்பட்டவரை மணற்குன்றில் நாலு சக்கர குவாட் பைக் சவாரிக்கு இழுத்து வந்தது அவருடைய ஒரே மகள். சவாரிக்காக மட்டும் இல்லை என்பது டீச்சருக்கும் தெரியும். மகளின் கல்யாணம் நான்கு மாதமாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்ணுக்குச் சம்மதம், பையனுக்குச் சம்மதம், இரண்டு வீட்டுக்கும் சம்மதம், தேதி மட்டும் வந்தபாடில்லை. தேதி சொல்ல வேண்டியவர் பையனின் அம்மா. யார் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். "எப்ப பாக்கலாம்?" என்று கேட்டால் "அதையும் பாக்கலாம்" என்பார்.

எல்லாம் டீச்சர் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. இரண்டு வீட்டாரும் முதன்முதலாகச் சந்தித்த அன்று சம்பந்தியம்மா, "உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. பத்தொன்பது வருஷம் முன்னாடி உங்ககிட்ட பதினோரு கிளாஸ் வந்தேன்" என்றார். டீச்சருக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. பேசாமல் சிரித்துவைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, "அப்படியா, இப்ப என்ன வண்டி ஓட்டறீங்க?" என்று கேட்டார். "பஸ்ல போறேன்" என்றார் சம்பந்தியம்மா. அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு அந்த அறையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம்தான்.

நடந்தது என்ன என்று மாப்பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்டு மகள்தான் வந்து சொன்னாள். பதினோராம் கிளாஸில் ஒரு ரவுண்டானாவில் வண்டி நின்றுபோயிருக்கிறது. நடுரோட்டில் வைத்தே டீச்சர், "உங்களுக்கு இது சரிப்பட்டு வராதும்மா, விட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறார். பின் சீட்டில் சம்பந்தியம்மாவின் பத்து வயதுப் பையன் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பையன்தான் இப்போது மாப்பிள்ளை.

"இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரும்மா. அவங்களை எதுவும் திருத்தாதே. உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று வரும் வழியெல்லாம் மகள் பாடம் எடுத்திருந்தாள். டீச்சரும் மண்டையை மண்டையை ஆட்டினார்.

தகரக் கூரை போட்ட கொட்டகையில் ஹெல்மெட்டுகள் வரிசையாகத் தொங்கின. சம்பந்தியம்மா ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை பார்க்கிறவர். டாக்டர்கள் கிறுக்கியதையே படித்துவிடும் கண் அவருக்கு. சுவரில் இருந்த விதிமுறைப் பலகையை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார், சந்தேகத்துக்கு இன்னொரு முறை படித்தார், பிறகுதான் கையெழுத்துப் போட்டார். டீச்சர் படிக்காமலே போட்டார். வண்டி விஷயத்தில் எனக்கு யார் சொல்லித் தருவது என்கிற எண்ணம்.

வழிகாட்டி ஐம்பதைத் தாண்டிய ஆள், முன்பு லாரி ஓட்டியவராம். மூக்கு வரை துணி சுற்றியிருந்ததால் கண் மட்டும்தான் தெரிந்தது. அவருடைய வண்டி போக இருந்தவை, தலா இரண்டு பேர் உட்காரும் இரண்டு வண்டிகள். மகளும் மாப்பிள்ளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றில் ஏறிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு வண்டியும் இரண்டு சம்பந்திகளும்.

"உங்க ரெண்டு பேர்ல யார் ஓட்டறது?" என்று வழிகாட்டி கேட்டார்.

"இதென்ன கேள்வி, நான்தான். ஆயிரம் பேருக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தவ" என்றார் டீச்சர்.

"கார் ஓட்டறவங்களா? அப்ப நீங்க பின்னாடி உக்காருங்க."

"ஏன்?"

"கார் பழக்கம் இருக்கறவங்க தொட்டதுக்கெல்லாம் பிரேக் பிடிப்பாங்க. மணல் மேட்டுல ஏறும்போது பிரேக் பிடிச்சா வண்டி புதைஞ்சிடும். ஒண்ணும் தெரியாதவங்கதான் இதை நல்லா ஓட்டுவாங்க." சம்பந்தியம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியாது. இவங்களையே கேளுங்க, சர்டிஃபிகேட் கொடுப்பாங்க" என்றார் சம்பந்தியம்மா.

டீச்சர் வாயைத் திறந்தார். எதிரே மகள் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். ஆனாலும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் வலது கால் கீழே துழாவ ஆரம்பித்தது. கால் வைக்கிற கட்டை தவிர அங்கே ஒன்றும் இல்லை. "எனக்கு ஒரு பிரேக் இல்லாம நான் வர மாட்டேன்" என்று அடம்பிடித்தார். வழிகாட்டி பெருமூச்சு விட்டு, ஒரு சிவப்புக் கயிற்றின் ஒரு முனையை இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சில் மாட்டி, மறு முனையை டீச்சரின் கையில் கொடுத்தார். "இதை இழுத்தா இஞ்சின் அணைஞ்சிடும். யாராவது கீழ விழுந்தா மட்டும் இழுங்க. சும்மா இழுக்கக் கூடாது." சம்பந்தியம்மா அப்போது ஹெல்மெட்டின் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை.

பாடம் இரண்டே நிமிஷம். கைப்பிடியில் இருக்கும் விசையை வலது கட்டைவிரலால் அழுத்தினால் போகும், எடுத்தால் வேகம் குறையும், கைப்பிரேக்கைப் பிடித்தால் நிற்கும். "மேட்டுல ஏறும்போது விரலை எடுக்காதீங்க. உச்சிக்கு வந்ததும் கொஞ்சம் குறைங்க, அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது. என் தடத்துலயே வாங்க." அவ்வளவுதான். டீச்சருக்கு அது அநியாயமாகப் பட்டது. அவருடைய ஸ்கூலில் சீட் பெல்ட்டுக்கே முக்கால் மணி நேரம் ஆகும்.

கிளம்பினார்கள். முதல் நூறு அடிக்கு வண்டி முயலுக்கு விக்கல் எடுத்ததுபோலப் போயிற்று. டீச்சர் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"கண்ணாடியைப் பாருங்க" என்று காதருகே கத்தினார்.

"கண்ணாடியே இல்ல மேடம்."

"திரும்பும்போது இண்டிகேட்டர்..."

"யாருக்கு மேடம்? மணலுக்கா?"

முதல் மேடு வந்தது. சம்பந்தியம்மா விரலை அழுத்தினார், வண்டி உறுமிக்கொண்டு ஏறியது, உச்சியில் ஒரு நொடி தயங்கியது, பிறகு இறங்கியது பாருங்கள், டீச்சரின் வயிறு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் என்றுதான் முதலில் நினைத்தார். பாதி வழியில்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. முன்னால் சம்பந்தியம்மாவின் முதுகும் குலுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது மேடு, மூன்றாவது மேடு. டீச்சர் இருபத்தாறு வருஷமாக எந்த வண்டியிலும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனதில்லை. இப்போது பார்த்தார். நாலு பக்கமும் மணல், மணலுக்கு மேல் வானம், சிக்னல் இல்லை, சைக்கிள்காரர் இல்லை, குறுக்கே ஓடும் நாய் இல்லை. சம்பந்தியம்மா ஒரு வளைவை அப்படியே வழித்தெடுத்தமாதிரி திருப்பினார். மணல் விசிறிக்கொண்டு போனது. "அடி சக்கை" என்று டீச்சர் தன்னை மறந்து சொன்னார். சம்பந்தியம்மா தலையைத் திருப்பாமல், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல, ரோட்டைப் பாருங்க" என்றார் டீச்சர், ரோடே இல்லாத இடத்தில்.

பிறகு பெரிய குன்று வந்தது. வழிகாட்டி முன்னால் ஏறி உச்சியில் நின்று வரச்சொல்லிக் கையசைத்தார். சம்பந்தியம்மா விரலை ஒரே சீராக அழுத்திக்கொண்டு ஏறினார். பாதி ஏறும்போது வண்டியின் மூக்கு நிமிர்ந்தது. டீச்சரின் கண்ணுக்கு வானத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. வலது கால் ஓங்கி மிதித்தது, ஒன்றும் நடக்கவில்லை, அடுத்த நொடியே கை கயிற்றை இழுத்துவிட்டது.

இஞ்சின் அணைந்தது. வண்டி இரண்டு அடி பின்னால் வழுக்கியது. சம்பந்தியம்மா பதறாமல் கைப்பிரேக்கை இறுகப் பிடித்து நிறுத்தினார். பின் சக்கரங்கள் மணலில் அமுங்கின.

சம்பந்தியம்மா மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் மணல், அதில் கண் மட்டும் கலங்கியிருந்தது. "விரலை எடுத்துட்டேன் போல" என்றார். "நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்தேன். எப்படி எடுத்தேன்னே தெரியல. எனக்கு வராதுன்னு தெரிஞ்சும் ஆசைப்பட்டு உக்காந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

கயிறு டீச்சரின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று அதை மேல்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். வாய் தானாக, "பரவாயில்ல விடுங்க" என்றது. சொன்ன பிறகுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார். இந்த முகத்தை அவருக்குத் தெரியும். ரவுண்டானா, பின்னால் ஹாரன் அடித்த லாரி, நின்றுபோன வண்டி, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இதே முகம். நான்கு மாதமாக யோசித்தும் வராத ஞாபகம் இப்போது முழுசாக வந்து நின்றது. அவருக்கு உடம்பு கூசியது.

இதைச் சொன்னால் கல்யாணம் அவ்வளவுதான் என்று தோன்றியது. சொல்லாவிட்டால் தேதி இன்றைக்கே கூடக் கிடைக்கலாம். அழுதவரைத் தேற்றினால் போதும். டீச்சர் பைக்குள் கையை விட்டுக் கயிற்றை வெளியே எடுத்தார்.

"நீங்க விரலை எடுக்கல. நான்தான் இதை இழுத்தேன். வண்டியை அணைக்கிற கயிறு இது."

சம்பந்தியம்மா கயிற்றைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார்.

"அன்னைக்கு ரவுண்டானாவுலயும் நான்தான்" என்றார் டீச்சர். "நீங்க சரியாத்தான் திருப்பினீங்க. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான், எனக்கு உயிரே போயிடுச்சு, என் பக்கத்துப் பிரேக்கை மிதிச்சுட்டேன். வண்டி நின்னதும் பழியை உங்க மேல போட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். நான் மிதிச்சேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா எனக்கு மரியாதை போயிடும்னு நினைப்பு."

"அந்த ஒரு தடவைதானா?"

"இல்ல. எல்லா கிளாஸ்லயும்."

உச்சியிலிருந்து வழிகாட்டி சறுக்கிக்கொண்டே இறங்கி வருவது தெரிந்தது. எதிர்க் குன்றில் மகளும் மாப்பிள்ளையும் வண்டியை நிறுத்திவிட்டு, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"தினம் ரெண்டு பஸ் மாறிப் போறேன்" என்றார் சம்பந்தியம்மா. "பத்தொன்பது வருஷமா. மழையில நனைஞ்சுக்கிட்டு, கூட்டத்துல இடிபட்டுக்கிட்டு. வீட்டுக்காரர் வண்டி வாங்கலாமான்னு கேட்டப்பெல்லாம், நான் அதுக்கு லாயக்கில்லைன்னு சொன்னேன். இறங்குங்க."

டீச்சர் இறங்கினார். கால் முழங்கால் வரை மணலில் புதைந்தது. வழிகாட்டியும் சேர்ந்து தள்ளி வண்டியை வெளியே எடுத்தார்கள். சம்பந்தியம்மா கயிற்றை டீச்சரின் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, சுவிட்சில் மாட்டி, மறு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். வண்டியைக் கீழே இறக்கி, திருப்பி, தனியாக ஏறினார்.

இந்த முறை நடுவில் எதுவும் நிற்கவில்லை. டீச்சரைத் தாண்டி, உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் மறைந்தே போனார். சத்தமும் போயிற்று. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழுந்திருப்பாரோ, கோபித்துக்கொண்டு அப்படியே ஊருக்குப் போய்விட்டாரோ என்று என்னென்னவோ ஓடியது. அப்போது இடது பக்கத்துச் சரிவிலிருந்து மணலை வாரி இறைத்துக்கொண்டு வண்டி வந்தது. வந்தது நிற்கவில்லை, டீச்சரை ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. டீச்சரின் தலை, காது, வாய் எல்லாம் மணல். அவருக்கு வந்ததோ அடக்க முடியாத சிரிப்பு. "பிரமாதம்" என்று கத்தினார். அப்படி ஒரு வார்த்தையை எந்த மாணவரிடமும் அவர் சொன்னதில்லை.

சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து நிறுத்தினார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், கன்னத்தில் கண்ணீர் மணலைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

"உங்க மேல எனக்குக் கோபம் போகல" என்றார். "அவ்வளவு சுலபமா போகாது."

"போக வேண்டாம். நான் செஞ்சது அப்படி."

"ஏறுங்க."

டீச்சர் ஏறி, அவர் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். வண்டி மகளும் மாப்பிள்ளையும் நின்ற குன்றை நோக்கிக் கிளம்பியது. வேகம் கூடியதும் முன்னாலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் காற்றோடு வந்தது. "அடுத்த மாசம் பதினேழாம் தேதி எனக்கு லீவு. கல்யாணத்தை அன்னைக்கே வெச்சுக்கலாம்."

டீச்சருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "நிஜமாவா? பாவம், ரெண்டும் அங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. நீங்களே உங்க வாயால சொல்லுங்க சம்பந்தி."

"நீங்க கத்திச் சொல்லுங்க" என்றார் சம்பந்தியம்மா, கண்ணை முன்னாலிருந்து எடுக்காமல். "நான் வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்."