இடது மூலை

கடைசி எட்டு நொடிகள். ஒரே ஒரு புள்ளி குறைவு. டைம் அவுட்டில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பலகையில் ஆட்டத்தை வரைந்தபோது, இடது மூலையில் அவர் கை தானாக ஏழு என்று எழுதியது. அணியில் இப்போது ஏழாம் எண் யாருக்கும் இல்லை. போன வருட இறுதிப்போட்டியில் நெஞ்சு வலிக்கிறது என்ற ஏழாம் எண் பையனை, "ரெண்டு நிமிஷம்தானே, சமாளி" என்று அவர்தான் உள்ளே அனுப்பினார். அவன் அந்த மூலையில் விழுந்தான். பிறகு எழவே இல்லை.

அவர் விரலால் தேய்த்தார். ஏழு மங்கலாகத் தெரிந்தது.

"அங்க நிக்கப்போறது நான்தானே, கோச்?" என்றான் கேப்டன். அவன் உதடு வெளுத்திருந்தது.

"மூச்சு வாங்குதா?"

"லேசா. மாடி ஏறினா உங்களுக்கும்தான் வாங்குது."

"நீ உட்காரு."

"விளையாடுறீங்களா? இந்த மேட்ச் போனா உங்க வேலையும் போயிடும்."

"தெரியும். உட்காரு."

மாற்று ஆட்டக்காரன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது.

உடை மாற்றும் அறையில், டாக்டரை அழைக்க ஆள் ஓடியிருந்தபோது, கேப்டன் அவரைத் திட்டித் தீர்த்தான். தொடைநடுங்கி என்றான். செத்தவனோடு குடித்தனம் நடத்துகிறீர்கள் என்றான். நடுவில் அவன் குரல் நின்றது.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்று பயிற்சியாளர் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "டாக்டர் வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே இரு."